விண்டோஸில் ஓடும் யூஎஸ்பி கீபோர்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது மட்டும் ஏன் வேலை செய்வதில்லை? பயாஸுக்குள்ளேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) போக முடியவில்லை.

அவசரப்பட்டுப் புது கீபோர்டு வாங்கிவிடாதீர்கள். விண்டோஸில் நன்றாக ஓடுகிறது என்றால் கீபோர்டில் கோளாறு இல்லை. விண்டோஸ் வந்தபிறகு யூஎஸ்பியை அதன் டிரைவர் பார்த்துக்கொள்ளும். அதற்கு முந்தைய சில விநாடிகளில் அந்த வேலை பயாஸுடையது. பயாஸில் யூஎஸ்பி கீபோர்டுக்கான வசதி அணைக்கப்பட்டிருந்தால், டெலீட் கீயை எத்தனை முறை தட்டினாலும் பலன் இருக்காது.

எனக்கும் இதேதான் நடந்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கி, லினக்ஸ் போடலாம் என்று பென்டிரைவைச் செருகினேன். பூட் மெனுவே வரவில்லை. கீபோர்டை மாற்றி, போர்ட்டை மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணன் பரணிலிருந்து ஒரு பிஎஸ்2 கீபோர்டை எடுத்துத் தந்தார், ஊதா நிறத்தில் வட்ட முனை உள்ளது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் செருகினேன். பிஎஸ்2-வை ஓடும்போது செருகக் கூடாது. டெலீட் தட்டியதும் பயாஸ் திறந்துகொண்டது. 'லெகஸி யூஎஸ்பி சப்போர்ட்' என்ற இடத்தில் டிஸேபிள்ட் என்று இருந்தது. எனேபிள்ட் ஆக்கி சேவ் செய்தேன், என் யூஎஸ்பி கீபோர்டு உயிர்பெற்றது. அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

உங்களுடையது யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புதுவகை) உள்ள மெஷின், விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பிஎஸ்2 தேட வேண்டியதில்லை. ஷிப்ட் கீயைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் நேராக பயாஸ் திரைக்கு வந்துவிடும். அங்கே லெகஸி யூஎஸ்பியோடு 'ஃபாஸ்ட் பூட்'டையும் பாருங்கள். ஃபாஸ்ட் பூட் இருந்தால், சீக்கிரம் ஆன் ஆவதற்காகச் சில மதர்போர்டுகள் தொடக்கத்தில் யூஎஸ்பியைத் தொடாமலே விட்டுவிடும். ஃபாஸ்ட் பூட்டை அணைத்துவிடுங்கள், சில விநாடி தாமதத்தால் ஒன்றும் குறையாது.

இரண்டு வழியும் இல்லையென்றால், பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வையுங்கள். பயாஸ் செட்டிங்ஸ் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். ஆனால் இதை நான் கடைசியாகத்தான் செய்வேன். தேதி, நேரம் போவது பெரிய விஷயமில்லை. சாட்டா மோடு (ஹார்டு டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறை) மாறிவிட்டால் விண்டோஸே எழும்பாமல் போகலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் எதையும் தொடுமுன் ரிகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு: பயாஸில் கீபோர்டு வேலை செய்யும், விண்டோஸ் 7 இன்ஸ்டால் திரையில் செத்துவிடும். விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. பழைய போர்டு என்றால் பயாஸில் எக்ஸ்எச்சிஐ மோடை (யூஎஸ்பி 3.0 கன்ட்ரோலர்) டிஸேபிள் செய்தால், போர்ட்டுகள் பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலருக்கு மாறிச் சரியாகிவிடும். 2015-இல் வந்த இன்டெல் 100 சீரிஸ் போர்டுகளில் அந்தப் பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள். அதனால் அவற்றில் யூஎஸ்பி 3.0 டிரைவரை இன்ஸ்டால் பென்டிரைவிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.