ரியல் மாட்ரிட்டின் ரிசர்வ் அணிக்கு எதற்குத் தனி ஸ்டேடியம்?

ஸ்பெயினின் கால்பந்துக் கிளப்பான ரியல் மாட்ரிட்டில், மெயின் டீமில் இடம் கிடைக்காதவர்கள் பெஞ்சில்தானே உட்காருவார்கள், அவர்களுக்கு ஆறாயிரம் இருக்கைகளோடு ஒரு ஸ்டேடியம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பெயினில் பெஞ்ச் வேறு, ரிசர்வ் அணி வேறு. ரியல் மாட்ரிட்டின் ரிசர்வ் அணிக்குப் பெயர் காஸ்டியா. பெரும்பாலும் 18 முதல் 23 வயதுப் பையன்கள். அவர்களுக்கென்று தனிப் பயிற்சியாளர் உண்டு. கிளப்பின் முன்னாள் நட்சத்திர வீரர்கள் ஜிடேன், ரவுல் எல்லாம் அந்த நாற்காலியில் இருந்தவர்கள்தான். சின்ன ஊர்களின் கிளப்புகளோடு ஒரே லீக்கில், ஒரே புள்ளிப் பட்டியலில் மோதுவார்கள். தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். ஜெயித்தால் மேலே ஏறலாம், ஆனால் முதல் அணி இருக்கும் டிவிஷனுக்குள் மட்டும் நுழைய முடியாது.

இந்த விதியின் கொடுமை 1984-ல் தெரிந்தது. அந்த சீசனில் இரண்டாம் டிவிஷன் சாம்பியன் காஸ்டியாதான். பின்னாளில் பிரபலமான புட்ராகென்யோ, மிச்செல், சான்சிஸ், மார்ட்டின் வாஸ்கெஸ், பார்தெசா என்று ஒரு கூட்டமே அங்கிருந்துதான் கிளம்பியது. வேறு எந்தக் கிளப்பாக இருந்தாலும் ஊரே கொண்டாடி முதல் டிவிஷனுக்குப் போயிருக்கும். இவர்கள் கோப்பையை வாங்கிக்கொண்டு அதே டிவிஷனிலேயே இருந்தார்கள்.

அதற்கு நான்கு வருஷம் முன்பு நடந்தது இன்னும் வேடிக்கை. அப்போது ஸ்பெயினின் அரசர் கோப்பையில் ரிசர்வ் அணிகளும் ஆடலாம். 1980-ல் காஸ்டியா, அத்லெடிக் பில்பாவோ, ரியல் சொசியேடாட் உட்பட நான்கு முதல் டிவிஷன் அணிகளை வெளியேற்றி ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரணி யார்? ரியல் மாட்ரிட்! ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபெயு ஸ்டேடியத்தில் அண்ணனும் தம்பியும் மோதினார்கள். அண்ணன் 6-1 என்று அடித்துத் துவைத்துவிட்டான். ஆனால் அந்த வருஷம் லீக்கையும் ரியல் மாட்ரிட்டே ஜெயித்து, லீக் சாம்பியன்களுக்கான ஐரோப்பியப் போட்டிக்குப் போய்விட்டதால், கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டி இடம் காஸ்டியாவுக்கு வந்தது. முதல் ஆட்டத்தில் லண்டனின் வெஸ்ட் ஹாமை 3-1 என்று தோற்கடித்தார்கள். மாட்ரிட்டில் நடந்த அந்த ஆட்டத்தில் வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் செய்த ரகளையால் லண்டனில் நடந்த இரண்டாவது ஆட்டத்துக்குப் பார்வையாளர்களை விடவில்லை. காலி ஸ்டேடியத்தில், கூடுதல் நேரம் வரை போய் 5-1 என்று தோற்றார்கள். 1990-க்குப் பிறகு ரிசர்வ் அணிகளை அந்த அரசர் கோப்பையில் சேர்ப்பதே இல்லை.

சரி, ஸ்டேடியத்துக்கு வருகிறேன். கிளப்பின் பழைய பயிற்சி மைதானம் மாட்ரிட்டின் காஸ்டெயானா சாலையில் இருந்தது. 2001-ல் அந்த நிலத்தை விற்றார்கள். இப்போது அங்கே வானளாவிய கோபுரங்கள் நிற்கின்றன. பதிலுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வால்தேபெபாஸில் ஏறக்குறைய 300 ஏக்கர் வாங்கினார்கள். 2004-ல் அடிக்கல் நாட்டியபோது கிளப்பின் பழைய ஜாம்பவான் அல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபனோவுடன் நின்ற 12 வயது அகாடமிப் பையன், டானி கார்வஹால். பிறகு அவர் காஸ்டியாவில் ஆடி, முதல் அணிக்கு வந்து, ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை ஆறு முறை ஜெயித்தார். காஸ்டியாவின் வீடாக அங்கே எழுந்த ஸ்டேடியத்துக்கு டி ஸ்டெஃபனோவின் பெயரையே வைத்து 2006 மே மாதம் திறந்தார்கள். முதல் ஆட்டம் பிரான்ஸின் ரீம்ஸ் அணியுடன், இதே இரண்டு அணிகளும் 1956-ல் மோதிய முதலாவது ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) ஃபைனலின் நினைவாக.

எனக்கு அந்த மைதானம் பழக்கமானது கொரோனா காலத்தில்தான். ஸ்டேடியத்துக்குள் யாரையும் விடக்கூடாது, பெர்னபெயுவிலோ புதுப்பிப்பு வேலை. அதனால் 2020 ஜூனில் அண்ணன் தம்பி வீட்டுக்குக் குடிவந்துவிட்டான். ஐபார் அணியுடன் முதல் ஆட்டம், நம் நேரத்துக்கு இரவு 11 மணி. எண்பதாயிரம் பேர் கத்தும் இடத்தில் பார்த்துப் பழகிய ஆட்களை, பள்ளி விளையாட்டு விழா மாதிரி சின்ன மைதானத்தில், பயிற்சியாளரின் கத்தல்கூட கேட்கும் அமைதியில் பார்க்க வினோதமாக இருந்தது. ஆனால் அந்த சீசனின் லீக் பட்டத்தை அங்கேதான் உறுதி செய்தார்கள். அடுத்த வருஷம் லிவர்பூலும் செல்சியும் சாம்பியன்ஸ் லீக் ஆட வந்ததும் அங்கேதான். 2021 செப்டம்பரில்தான் பெர்னபெயுவுக்குத் திரும்பினார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல்! தம்பிக்கு அண்ணன் வாடகை கொடுத்தானா என்று நானும் நண்பர்களும் கேலி செய்வோம்.

அப்புறம் ஒரு விஷயம். ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லீகாவில் 1 முதல் 25 வரையான எண்கள் முதல் அணிக்கு மட்டும்தான். அடுத்த தடவை ரியல் மாட்ரிட் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் 30-க்கு மேல் எண் போட்ட பையன் யாராவது இறங்கினால் பாருங்கள். அவன் அநேகமாக வால்தேபெபாஸிலிருந்து வந்தவன்.