மகளை உயர்தரத்துக்கு எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

வணக்கம் அண்ணா. மகள் சாதாரண தரத்தில் (பதினோராம் ஆண்டுப் பரீட்சை) விஞ்ஞானம், கணிதம் இரண்டிலும் ஏ எடுத்திருக்கிறாள், திருகோணமலை மாவட்டத்து வெருகலில் பக்கத்துப் பள்ளியில் உயர்தரத்துக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) உயிரியல் பிரிவு இல்லை, திருகோணமலை நகரமா மட்டக்களப்பா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், அது அந்தப் பள்ளியின் குறையல்ல. பள்ளிகளை அரசு வகை பிரித்திருக்கிறது. 1சி வகைப் பள்ளியில் உயர்தரத்துக்குக் கலை, வர்த்தகம்தான் இருக்கும். விஞ்ஞானப் பிரிவு வேண்டுமென்றால் 1ஏபி வகைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அவை பெரும்பாலும் நகரத்தில்தான். பிள்ளையின் கெட்டித்தனத்தைவிடப் பிறந்த இடம் முடிவெடுக்கிற கதை இது.

பலர் கவனிக்காத ஒன்று: பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு என்பதுதான் நெடுநாள் வழக்கம். எந்த மாவட்டம் என்பதைப் பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடம் படித்த பள்ளியை வைத்துத்தான் பார்ப்பார்கள். மட்டக்களப்புக்கு மாற்றினால் மாவட்டமும் மாறலாம். திருகோணமலை, மட்டக்களப்பு இரண்டுமே, மீதி 5 வீத ஒதுக்கீடு கிடைக்கிற கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவைதான். ஆனாலும் இரண்டு மாவட்டத்துக்குமான கடந்த சில வருட வெட்டுப்புள்ளிகளை (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த புள்ளி) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நான் மூதூர்க்காரன். நகரத்துக்குப் படிக்கப் போனபோது பள்ளியைவிட ரியூசன் காசும் தங்குமிடமும்தான் வீட்டை உலுக்கியது. திருகோணமலை நகரத்துக்குப் போகிற வழியில் கிண்ணியாப் பாலம் வந்த பிறகு பயணம் இலகுதான், ஆனால் வெருகலில் இருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தால் பிள்ளைக்குப் படிக்க நேரமே மிஞ்சாது. விடுதி உண்டா என்று அதிபரிடம் நேரில் கேளுங்கள். அப்புறம், இரசாயனவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.