பச்சை வாந்தியும் நர்ஸ் சார்ட்டும்

கேள்வி: என் மகள் 28-வது வாரத்தில், 950 கிராம் எடையில் கோவைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பிறந்தாள். மூன்றாம் நாள் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தாள். கேட்டதற்கு, “குறைமாசக் குழந்தைன்னா அப்படித்தான்” என்றார்கள். ஐந்தாம் நாள் குடல் ஓட்டையாகிவிட்டது என்று அவசர ஆபரேஷன் செய்தார்கள். ஐந்து மாதம், மலம் வெளியேற வயிற்றில் பொருத்திய பையோடு இருந்தாள். 9 லட்சம் கட்டினோம். இப்போது 16 மாதம் ஆகிறது. கையில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் இருக்கிறது. வழக்குப் போடலாமா?
- கரூர் வாசகர்

பதில்: போடலாம். ஆனால் ‘குடல் ஓட்டையானது, அதனால் தவறு’ என்று போனால் நிற்காது. இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைகளின் குடல் முழுதாக முதிர்ந்திருக்காது. முதல் மலம் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். நல்ல கவனிப்பிலும் குடல் அழற்சி வரும். முதல் மலம் தாமதமாவது இவர்களிடம் சகஜம் என்றுதான் எதிர்த்தரப்பு டாக்டரும் சொல்வார். அது உண்மையும்கூட.

பச்சை வாந்தி அப்படியல்ல. பித்தம் மேலே வருகிறது என்றால் கீழே அடைப்பு இருக்கலாம். உடனே எக்ஸ்ரே எடுத்து, குழந்தைகள் அறுவை நிபுணரைக் கூப்பிட வேண்டிய அறிகுறி அது. ஆகவே உங்கள் வழக்கு அந்த இரண்டு நாளில்தான் இருக்கிறது. அதற்குச் சாட்சி நர்ஸ் சார்ட். வயிற்றுக் குழாயில் எத்தனை மில்லி வந்தது, என்ன நிறம், மலம் போனதா என்றெல்லாம் அதில் மணி வாரியாக எழுதியிருப்பார்கள். ‘காலை 6 மணி, பச்சை, 4 மில்லி’ என்று இருந்து, எக்ஸ்ரே மறுநாள் மாலைதான் எடுத்திருந்தால் உங்களிடம் வழக்கு இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் எக்ஸ்ரே எடுத்து, பால் நிறுத்தி, சர்ஜனும் பார்த்திருந்தால், வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

முதலில் முழு கேஸ் ஷீட்டையும் எக்ஸ்ரே படங்களையும் எழுத்தில் கேளுங்கள், ஸ்பீடு போஸ்டில். வாயால் கேட்டால் அலையவிடுவார்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும். மூன்று ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். கைக்கு வந்ததும் சம்பந்தமில்லாத வேறு ஊர் குழந்தைகள் அறுவை நிபுணரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

நுகர்வோர் வழக்குக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு. உங்களுக்கு எட்டு மாதம்தான் மிச்சம். ‘பேசி முடிப்போம்’ என்று அவர்கள் இழுத்தால் கெடு நீளாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கரூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். நீங்கள் கட்டிய தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய். குழந்தையின் பெயரோடு உங்கள் இருவர் பெயரையும் சேருங்கள். பெற்றோரும் நுகர்வோரே என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போலீஸ் புகார் வேண்டாம். அதற்கு மிக மோசமான அலட்சியம் வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு.

2015-இல் சென்னையைச் சேர்ந்த ஒரு வழக்கு உங்களுக்கு உதவும். 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போனது. உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி இழப்பீடு தரச் சொன்னது. குறைமாதம் என்பதைச் சமாதானமாக ஏற்கவில்லை. அதனாலேயே கூடுதலாகப் பார்த்திருக்க வேண்டும் என்றது.

பை வாங்கிய மெடிக்கல் ஷாப் பில்கள் இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.