பொறுத்துப்போவதுதான் பக்குவமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் திருநங்கை நான். ஊரும் உறவும் ஏற்காத நிலையில், "பக்குவமாக நடந்துகொள், காலம் மாறும்" என்றே எல்லாரும் சொல்கிறார்கள். நான் பொறுத்துப்போகத்தான் வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்

பதில்: வேண்டியதில்லை. (ஒதுக்குகிறவர்களிடம் எவரும் கேட்காத பக்குவத்தை ஒதுக்கப்படுகிறவர்களிடம் மட்டும் கேட்பது விந்தைதான்.) மதுரையில் பிறந்து, இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், ஊர் மாறட்டும் என்று காத்திராமல், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பரதம் பயின்று, 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காவல்துறைத் தேர்வுக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய திருநங்கை பிரித்திகா யாஷினி, பின்னர் உதவி ஆய்வாளரானார். வழக்குத் தொடுப்பதும் முதிர்ச்சியே. ஆயினும் இவர்களைப் போல் சாதித்துக் காட்டினால்தான் மதிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, அதற்குச் சாதனை எதையும் நிபந்தனையாக வைக்கவில்லை. படிப்பை மட்டும் இடையில் விடாதீர்கள். 2008-இல் அமைக்கப்பட்ட திருநங்கைகள் நல வாரியத்தின் அடையாள அட்டை உங்களிடம் இல்லையெனில், மாவட்டச் சமூக நல அலுவலகத்தை அணுகுங்கள்.