குறுக்குக் காற்று – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃபெஞ்சல் புயலன்று (2024 நவம்பர் 30) சென்னையில் ஒரு விமானம் இறங்க வந்து, தரைக்கு மிக அருகில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி மேலே போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது இன்னமும் வாட்ஸாப்பில் வந்துகொண்டிருக்கிறது. அதைவைத்து எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. அந்தக் காற்றில் இறங்க முயன்றதே தப்பு, பைலட் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறார் என் கணவர். அவர்தான் எல்லாரையும் காப்பாற்றினார் என்கிறாள் சின்ன மகள்.

எனக்கு வேறு சந்தேகங்கள். இவ்வளவு வேகத்துக்கு மேல் காற்றடித்தால் இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்காதா? இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தானே ஓட்டுகிறது, அதுவே இறக்கிவிடாதா? பெரிய விமானத்தைக் காற்று அசைக்காது என்கிறார்களே, உண்மையா? பெரிய மகளின் பிரசவத்துக்காக ஃபிராங்க்ஃபர்ட் போக வேண்டியிருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

பி.கு: காரில் திருப்புவது போல விமானத்தின் சக்கரங்களையும் திருப்பிவைத்துக்கொண்டால் என்ன என்று எட்டு வயதுப் பேரன் கேட்கச் சொன்னான்.

எஸ்.,
ஈரோடு

*

அன்புள்ள எஸ்.,

நான் விமானி இல்லை. இந்த விஷயத்தைப் பல வருடங்களாக ஆர்வத்தோடு படித்துவருபவன், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுச் சண்டையில் நான் சின்ன மகள் பக்கம், ஆனால் முழுக்க அல்ல. அப்படி மேலே எழும்பியதைச் சாகசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ‘கோ அரவுண்ட்’ என்று பெயர். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் விமானிகள் அதற்குத் தயாராகத்தான் வருகிறார்கள். என்ன செய்ய வேண்டும், யார் எதைச் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள். சக்கரம் தரையைத் தொட்ட பிறகும்கூட எழும்பலாம். எஞ்சின்களின் எதிர்விசையை, அதாவது ரிவர்ஸை, இயக்கிவிட்டால் மட்டும் அப்புறம் நின்றே ஆக வேண்டும். அன்றைக்கு முயன்றது சரியா தவறா என்பதை அரை நிமிட வீடியோவைப் பார்த்து உங்கள் கணவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அவர்களுக்குச் சொல்லப்பட்ட காற்று என்ன, அந்த நொடியில் உண்மையில் அடித்த காற்று என்ன என்று தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. கோபுரம் சொல்வது பெரும்பாலும் கடந்த இரண்டு நிமிடங்களின் சராசரியும், கூடவே திடீர் வீச்சின் உச்சமும். புயலில் இரண்டு நிமிடம் என்பது பழைய செய்தி. அன்று மதியமே நிலையத்தை மூடிவிட்டார்கள், மறுநாள் அதிகாலைதான் திறந்தார்கள்.

சரி, காற்றுக்கு வருவோம். விமானம் கோணலாக வருவதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ பயப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்று தோன்றுகிறது. காவிரியில் பரிசல்காரர் எதிர்க்கரையில் ஒரு துறைக்குப் போக வேண்டுமென்றால் துறையை நோக்கியா துடுப்புப் போடுகிறார்? நீரோட்டத்தின் மேல்பக்கம் நோக்கிப் போடுகிறார், பரிசல் துறைக்கு நேராகப் போய்ச் சேருகிறது. விமானமும் அப்படித்தான். காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தால் மூக்கை வலப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு ஓடுதளத்தின் நேர்கோட்டிலேயே வருகிறது. பைலட்டுகள் இதை ‘கிராப்’ என்கிறார்கள். விமானத்தைப் பொறுத்தவரை அது கோணலாகவே போகவில்லை. தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் நேராகப் பறக்கிறது. அந்தக் காற்று மொத்தமும் தரைக்கு மேல் நகர்ந்துகொண்டிருக்கிறது, நாம் தரையில் நின்று பார்க்கிறோம்.

பெரிய விமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நகர்கிற காற்றுக்கு எடை ஒரு பொருட்டில்லை. முப்பது நாட் பக்கக்காற்று, அதாவது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர், ஒரு டன் எடையுள்ள பயிற்சி விமானத்தையும் 250 டன் போயிங்கையும் ஒரே வேகத்தில்தான் பக்கவாட்டில் கொண்டுபோகும். வித்தியாசம் வேகத்தால் வருகிறது. பயிற்சி விமானம் 60 நாட் வேகத்தில் இறங்குமானால் மூக்கை 30 டிகிரி திருப்ப வேண்டும். 140 நாட் வேகத்தில் வருகிற பெரிய விமானத்துக்கு 12 டிகிரி போதும். திடீர் வீச்சுகளும் பெரியதைச் சட்டென்று உலுக்குவதில்லை. அதுவரை உங்களுக்குச் சொன்னவர்கள் சரி.

ஆனால் பெரியதற்கே உரிய தொல்லைகள் உண்டு. சின்ன விமானத்தில் காற்று வரும் பக்கத்து இறக்கையை நன்றாகத் தாழ்த்தி, அந்தப் பக்கத்துச் சக்கரத்தை முதலில் வைத்து இறங்கிவிடலாம். பெரியதில் அந்த இறக்கைக்குக் கீழே எஞ்சின் தொங்குகிறது, இறக்கையோ மிக நீளம். கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் ஏதாவது ஒன்று தரையில் உரசும். இன்னொரு சங்கடம், போயிங் 777-300இஆர் மாதிரி நீளமான விமானத்தில் விமானிகள் பின்சக்கரங்களுக்கு முப்பது மீட்டருக்கும் மேல் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மூக்கு 12 டிகிரி திரும்பியிருந்தால், சக்கரங்கள் ஓடுதளத்தின் நடுக்கோட்டில் இருக்கும்போது விமானிகள் கோட்டிலிருந்து ஆறு மீட்டருக்கு மேல் தள்ளியிருப்பார்கள். நடுக்கோட்டைத் தன் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டால் சக்கரம் எங்கோ போய்விடும். இதை நான் முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஆபத்து கடைசிச் சில நொடிகளில் இருக்கிறது. தரைக்குச் சற்று மேலே, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும் மிதியை அழுத்தி மூக்கை ஓடுதளத்துக்கு நேராக்க வேண்டும். அப்படித் திருப்பும்போது காற்றுப் பக்கத்து இறக்கை முன்னால் வீசி வருவதால் அதற்குக் கூடுதல் தூக்குவிசை கிடைக்கிறது, அது எழும்பப் பார்க்கும். அதே கணத்தில் எதிர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். சீக்கிரம் நேராக்கினால் காற்று விமானத்தைக் கோட்டிலிருந்து தள்ளிவிடும். தாமதித்தால் கோணலாகவே சக்கரம் பதியும்.

இது எப்படித் தவறலாம் என்பதற்கு ஹாம்பர்க் சம்பவத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2008 மார்ச் 1. எம்மா என்ற புயல் ஜெர்மனியைப் புரட்டிக்கொண்டிருந்த நாள். மியூனிக்கிலிருந்து 137 பேரோடு வந்தது லுஃப்தான்ஸா நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம். அவர்கள் இறங்க வந்த ஓடுதளத்தின் எண் 23, அதாவது தென்மேற்கு நோக்கியது. காற்று வடமேற்கிலிருந்து, 47 நாட் வரை வீச்சோடு அடித்தது. ஓட்டியவர் துணை விமானி, 24 வயதுப் பெண். மூக்கை வலப்பக்கம் வைத்து வந்து, தரையருகே நேராக்கினார். இடது சக்கரம் தொட்டது. வலது இறக்கை எழும்ப, இடது இறக்கையின் நுனி ஓடுதளத்தில் உரசியது. கேப்டன் கட்டுப்பாட்டைத் தன் கையில் வாங்கி விமானத்தை மேலே எழுப்பினார். பிறகு அதே நிலையத்தில் 33ஆம் ஓடுதளத்தில் இறங்கினார்கள். அது வடமேற்கு நோக்கியது, காற்றில் பெரும்பகுதி எதிர்க்காற்றாகிவிட்டது. யாருக்கும் காயமில்லை.

அந்த வீடியோவும் உலகம் சுற்றியது. ஓட்டியவர் இளம் பெண் என்பதே சிலருக்குப் பெரிய செய்தியாகிவிட்டது. 2010இல் வந்த ஜெர்மன் விசாரணை அறிக்கை வேறு இடத்தைக் காட்டியது. ஏ320இல் விமானியின் கைப்பிடிக்கும் இறக்கைக்கும் நடுவே கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரு சக்கரம் தரையைத் தொட்டதுமே அது தரைக்கான முறைக்கு மாறி, பக்கவாட்டுச் சாய்வைத் திருத்தும் திறனைச் சுமார் பாதியாகக் குறைத்துவிட்டது. இறக்கை எழும்பிக்கொண்டிருக்கிறது, கைப்பிடியை முழுக்கத் தள்ளினாலும் பாதிப் பலன்தான். இப்படி ஒரு மாற்றம் நிகழும் என்பது விமானிகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டால் கோபம் வருகிறதா இல்லையா?

உங்கள் சட்டக் கேள்விக்கான பதிலும் அதே அறிக்கையில் இருக்கிறது. ஏ320இன் கையேட்டில் தரையிறங்குவதற்கான பக்கக்காற்று 33 நாட், வீச்சோடு 38 என்று எழுதியிருக்கும். நீங்களும் நானும் இதை வரம்பு என்றுதான் படிப்போம். அது வரம்பல்ல. சோதனை விமானிகள் இறங்கிக் காட்டிய அதிகபட்சக் காற்று. அதற்கு மேல் முடியாது என்றோ, கூடாது என்றோ அதற்குப் பொருளில்லை. சான்றிதழுக்காக விதிகள் 25 நாட் வேகத்துக்கு மேல் நிரூபிக்கச் சொல்வதுமில்லை. அதனால் தயாரிப்பாளர்கள் காற்றைத் தேடிக்கொண்டு போகிறார்கள். ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் இதற்குப் பேர்போன இடம், 2006இல் ஏ380ஐக்கூட அங்கே கொண்டுபோனார்கள். அவர்கள் அங்கே போயிருந்த வாரத்தில் எவ்வளவு காற்று கிடைத்ததோ அதுவும் அந்த எண்ணில் கலந்திருக்கிறது. இந்த எண்ணை விமானிகளே ஆளுக்கொரு விதமாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது ஜெர்மன் விசாரணையில் வெளிவந்தது.

நடைமுறையில் கடிவாளம் போடுவது விமான நிறுவனங்கள். பலவும் இந்த எண்ணையே தங்கள் வரம்பாக வைத்துக்கொள்கின்றன. ஈரமான ஓடுதளத்துக்குக் குறைத்துக்கொள்வார்கள். இத்தனைக்கு மேல் காற்றென்றால் கேப்டன்தான் இறக்க வேண்டும் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. அரசு ஒரே எண்ணாக எழுதிவைக்கலாமே என்று கேட்பீர்கள். விமானத்துக்கு விமானம், ஓடுதளத்துக்கு ஓடுதளம் மாறுகிற விஷயத்தில் அது உதவாது என்பது என் கருத்து. ஆனால் வரம்பில்லாத ஒன்றை வரம்பு போலத் தோன்றும்படி அச்சிடுவதும் சரியில்லை.

காற்று வரம்புக்குள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1999 ஆகஸ்ட் 22 அன்று சூறாவளி நேரத்தில் ஹாங்காங்கில் இறங்கிய சைனா ஏர்லைன்ஸ் எம்டி-11 தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. இருந்த 315 பேரில் மூவர் இறந்தார்கள். இறங்கும் வேகத்தைக் கடைசியில் குறைக்காமல் விட்டதைத்தான் விசாரணை முதன்மையாகச் சொன்னது. வலது சக்கரத் தொகுதி அந்த அடியில் முறிந்துவிட்டது.

கம்ப்யூட்டரே இறக்குமா என்றால், இறக்கும். மூடுபனியில் ஓடுதளமே தெரியாதபோது அதுதான் இறக்குகிறது. ஆனால் ஏ320இல் தானியங்கித் தரையிறக்கத்துக்குப் பக்கக்காற்று வரம்பு 20 நாட்தான். அதற்கு மேல் போனால் மனிதக் கை வேண்டும். நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருப்பதற்கு நேர் எதிர்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடுதளங்களை அமைக்கும்போதே அந்த ஊர்க் காற்றைப் பல வருடங்கள் அளந்து, குறைந்தது 95 சதவீத நேரம் பக்கக்காற்று தொல்லை தராத திசையில் போட வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலில் ஆறு ஓடுதளங்கள் வெவ்வேறு திசைகளில் கிடப்பதற்குக் காற்றும் ஒரு காரணம். சென்னையிலும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் அங்கே வழக்கமாக அடிக்கும் தென்மேற்குக் காற்றுக்குக் குறுக்காக. இணையத்தில் வரும் கோணல் தரையிறக்க வீடியோக்களில் கணிசமானவை அங்கே எடுத்தவை. படம் பிடிப்பதற்கென்றே வேலியோரம் காத்திருக்கிறார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நிம்மதியாகப் போய்வாருங்கள். ஒருவேளை இறங்கும் நேரத்தில் எஞ்சின் சட்டென்று உறுமி, விமானம் மேலே போனால், உடனே அறிவிப்பு வராது. முன்னால் விமானி அறையில் இருப்பவர்களுக்குச் சில நிமிடங்கள் பேச நேரமிருக்காது. அந்த மௌனத்துக்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

பேரனிடம் சொல்லுங்கள், அவன் கேட்டது உண்மையிலேயே இருக்கிறது. அமெரிக்க விமானப்படையின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் முக்கியச் சக்கரத் தொகுதிகள் நான்கையும் இரு பக்கமும் 20 டிகிரி வரை திருப்பிவைக்கலாம். 56 மீட்டர் இறக்கையைச் சாய்த்து இறங்க முடியாது என்பதால் அந்த ஏற்பாடு. மூக்கு ஒரு பக்கம் பார்க்க, சக்கரங்கள் ஓடுதளத்தைப் பார்க்க, அப்படியே இறங்கும். பயணிகள் விமானத்துக்கு அது தேவைப்படவில்லை. அதன் எடைமையம் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இருப்பதால், கொஞ்சம் கோணலாகப் பதிந்தாலும் ஓட்டத்திலேயே மூக்கு தானாக நேராகப் பார்க்கும். டயர்தான் கொஞ்சம் தேயும். பி-52 இறங்கும் படங்கள் யூட்யூபில் நிறைய இருக்கின்றன, அவனுக்குக் காட்டுங்கள்.