'மூன்சைல்ட்' பாட்டில் பொறுமை போனால்...

கேள்வி: ப்ராக் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) கேட்க ஆரம்பிக்கிறவர்கள் கிங் கிரிம்சன் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்கிறார்கள். முதல் பாட்டு மிரட்டிவிட்டது. நாலாவது பாட்டில் பொறுமையே போய்விட்டது. குறை என்னிடமா, ஆல்பத்திலா? எந்தப் பதிப்பைக் கேட்பது?

பதில்: குறை ஆல்பத்தில்தான். 1969-இல் வந்த 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' மகத்தான ஆல்பம். ஆனால் நீங்கள் தடுக்கி விழுந்த இடம் உண்மையிலேயே பலவீனமானது. பன்னிரண்டு நிமிட 'மூன்சைல்ட்' பாட்டில் பாடல் என்று இருப்பது முதல் இரண்டரை நிமிடம்தான். மிச்சமெல்லாம் கிட்டார், வைப்ராஃபோன் (உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி), டிரம்ஸ் மூன்றும் மெல்லிய ஒலியில் கைபோன போக்கில் வாசிப்பது. 2009-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனும் குழுவின் கிட்டாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப்பும் ரீமிக்ஸ் செய்தபோது (பழைய ஒலிப்பதிவுகளைப் புதிதாகக் கலந்தபோது) அதை ஒன்பது நிமிடமாக வெட்டினார்கள். இசைக்குழுவின் கிட்டாரிஸ்டே கத்தரிக்கு ஒப்புக்கொண்ட பாட்டு அது. ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு எச்சரிக்கை: சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டாதீர்கள். அடுத்த பாட்டு முழு வேகத்தில் காதில் அறையும்.

இன்னொரு குறையை யாரும் அதிகம் பேசுவதில்லை. 'எபிடாஃப்' பாட்டும் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டும் ஒரே அச்சு: மந்த நடை, சோகம், பின்னால் மெல்லட்ரானின் வயலின் ஒலி. மெல்லட்ரான் என்பது டேப்பில் பதிந்த ஒலியை வாசிக்கும் கீபோர்டு; ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு உண்டு. அது எட்டு நொடியில் தீர்ந்துவிடும் என்பதால் கையை எடுத்துத் திரும்ப அழுத்தியாக வேண்டும். அந்த லேசான தள்ளாட்டம் 'எபிடாஃப்' பாட்டில் உயிரை உலுக்கும். தலைப்புப் பாட்டில் இரண்டாம் முறை வரும்போது அதன் தாக்கம் பாதி குறைந்துவிடுகிறது. பீட் சின்ஃபீல்டின் வரிகளும் படிமத்தின் மேல் படிமமாக ஏறிக்கொண்டே போகும். கிரெக் லேக்கின் குரல்தான் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது.

இதற்கு ஒரே சிகிச்சை, எல்பி இசைத்தட்டுக் காலத்தில் கேட்ட மாதிரி பக்கம் பக்கமாகக் கேட்பது. முதல் மூன்று பாட்டு, சுமார் 22 நிமிடம், அதோடு நிறுத்துங்கள். கடைசி இரண்டையும் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பலம் எங்கே என்று கேட்டால் மைக்கேல் ஜைல்ஸின் டிரம்ஸ் என்பேன். முதல் பாட்டின் நடுவில் கிட்டார், சாக்ஸஃபோன், பேஸ், டிரம்ஸ் நான்கும் சட்டென்று நின்று, சின்னச் சின்னக் கோர்வைகளைச் சேர்ந்து வாசிக்கும். நடுநடுவே முழு மௌனம். ஒரு அடிகூடப் பிசகாது. அந்த இடத்தை மட்டும் தனியாக ஓட்டி, முதல் முறை ஸ்னேர் டிரம்மை, இரண்டாம் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். அந்த இரைச்சல் முடிந்த கையோடு 'ஐ டாக் டு த விண்ட்' பாட்டில் இயன் மெக்டொனால்டின் புல்லாங்குழல் வருகிறதே, அந்த வரிசையமைப்பு அபாரம்.

பதிப்பு? பழைய சிடிக்கள் சில, பல கை மாறிய பிரதி டேப்பிலிருந்து எடுத்தவை, ஒலி மங்கியிருக்கும். 2004-இலோ அதற்குப் பிறகோ வந்ததாகப் பாருங்கள். உங்களுக்கு 2009 ரீமிக்ஸே நல்லது.

அடுத்து 1970-இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்குப் போகாதீர்கள். முதல் ஆல்பத்தின் அமைப்பையே அது பெரும்பாலும் திரும்பச் செய்கிறது. முதல் பாட்டு பிடித்தவருக்கு 1974-இல் வந்த 'ரெட்' தான் சரி.