டிசம்பரில் ஒகவாங்கோவில் வெள்ளம் இருக்குமா?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறையில் மனைவியுடனும் 9 வயது மகளுடனும் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவுக்குச் செல்ல விரும்புகிறோம். அப்போது அங்கு மழைக்காலம் என்பதால் டெல்டா நிரம்பியிருக்கும், மொகோரோ தோணியில் போய் யானைகளைப் பார்க்கலாம் என்கிறார் பயண முகவர். முன்பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். டிசம்பரில் அங்கு மழை பெய்வது உண்மை. ஆனால் டெல்டாவை நிரப்புவது அந்த மழை அன்று. வடக்கே அங்கோலாவின் மேட்டு நிலங்களில் பெய்யும் மழை குபாங்கோ, குயிட்டோ ஆறுகளில் திரண்டு வந்துதான் டெல்டாவை நிரப்புகிறது. நிலம் ஏறக்குறையத் தட்டையாக இருப்பதாலும், வழியெங்கும் கோரைகள் மறித்து நிற்பதாலும், ஏப்ரலை ஒட்டி மேல்முனையை எட்டும் பெருக்கு தெற்கே மவுன் நகரைத் தொட ஜூன், ஜூலை ஆகிவிடும். டிசம்பரில் டெல்டா சுருங்கியே கிடக்கும். மழைக்குட்டைகளில் எங்கும் நீர் கிடைப்பதால் யானைகளும் ஆற்றோரம் கூடாமல் காட்டுக்குள் சிதறிவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. முகவர் அதைக் காட்டி உங்களை மடக்கக்கூடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். டெல்டாவின் வடமேற்கில், வாணலியின் கைப்பிடிபோல் ஒடுங்கி நீளும் பகுதியிலும், அதையடுத்த நிலையான சதுப்புகளிலும் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும்; அங்கு டிசம்பரிலும் மொகோரோ செல்லும். ஆனால் கைப்பிடிப் பகுதி பறவைகளுக்கும் மீன்பிடிப்புக்கும் பெயர்பெற்றது; யானை, சிங்கம் தேடிச் செல்வோருக்கு உகந்தது டெல்டாவின் நடுவிலும் கிழக்கிலும் பரவிய மோரேமி காப்புக்காடு, அதாவது 1963இல் அப்பகுதியின் பட்டவானா மக்கள் தங்கள் நிலத்தில் தாங்களே ஒதுக்கியது. ஆகவே 'டிசம்பரிலும் தோணி உண்டு' என்று முகவர் சொன்னால், எந்த இடத்தில் என்று கேளுங்கள்.

தோணியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கழி ஊன்றிச் செலுத்தும் அந்த ஒடுங்கிய தோணி நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் மிதக்கும். நீர்யானைகள் உள்ள கால்வாய்களில் அது செல்வதால், பயணிகள் தங்கும் முகாம்கள் பல சிறுவர்களுக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருக்கின்றன. பணம் வாங்கும்வரை இதைப் பற்றி வாய் திறக்காத முகவர்கள் பலர். உங்கள் மகளின் வயதைக் குறிப்பிட்டு, முகாமின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

நான் அதிகம் கண்ட ஏமாற்று வேறொன்று. கசானே ஊரில் தங்கவைத்து, சோபே ஆற்றில் மோட்டார் படகுச் சவாரி காட்டிவிட்டு, அதையே ஒகவாங்கோ என்று விற்கிறார்கள். சோபேயில் யானைகள் ஏராளம், அருமையான இடம்தான். ஆனால் அது வேறு ஆறு, டெல்டாவிலிருந்து வெகுதொலைவு. பயணத் திட்டத்தில் மவுன் என்ற பெயரே இல்லையென்றால் உடனே சந்தேகப்படுங்கள். மவுன் இருந்தாலும், அங்கிருந்து முகாமுக்குச் செல்லும் சிறுவிமானக் கட்டணமும் பூங்கா நுழைவுக் கட்டணமும் சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். 'எல்லாம் உட்பட' என்ற சொல்லை நம்பி மவுனில் இறங்கியபின் கூடுதல் பணம் கட்டியவர்களை நான் அறிவேன்.

குறைந்த பயணிகள், உயர்ந்த கட்டணம் என்ற அந்நாட்டுக் கொள்கை காட்டுக்கு நல்லது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பல முகாம்கள் பயணியிடம் நேரடியாக விலை சொல்லாமல் முகவரிடமே பேசும் வழக்கம் இடைத்தரகருக்குத்தான் வாழ்வளிக்கிறது. இத்தனை ஆண்டுகளாகியும் இதை ஏன் மாற்றவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. ஆகவே முகாமின் முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, முகாமுக்கே மின்னஞ்சல் அனுப்பிச் சரிபாருங்கள். அதைத் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

பள்ளி விடுமுறைதான் காரணமென்றால் மே மாதத்தைப் பரிந்துரைக்கிறேன். அப்போது டெல்டாவின் மேற்பகுதிகளில் வெள்ளம் பரவியிருக்கும், மழை ஓய்ந்திருக்கும், ஜூலையின் உச்சக் கட்டணமும் தொடங்கியிருக்காது. சிறுவிமானத்தில் ஏற்றும் எடை குறைவு என்பதால் சக்கரப் பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப்பை போதும். மகளின் பிறப்புச் சான்றிதழை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். மலேரியா தடுப்பு மாத்திரை குறித்துப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே குழந்தை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.